பக்கத்தில் நிற்பவரின் ஆட்டம்

(கித்துல்கலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்மின்டன் இரட்டையர் ஆட்டக்காரர் ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். சீன ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது சீனாவை ஒதுக்க முடியாது. பட்மின்டன் ஒலிம்பிக்கில் சேர்ந்த 1992இலிருந்து 2024 வரை பெண்கள் இரட்டையருக்கு 9 தடவை தங்கம் கொடுத்திருக்கிறார்கள். அதில் 6 சீனாவுக்குப் போயிருக்கிறது. ஆனால் சீனர்களின் கதையைப் படிக்கப் படிக்க, சீன வம்சத்தவர்களுக்குப் பக்கத்திலும் எதிரிலும் நின்று ஆடிய இரண்டு தமிழர்கள் கண்ணில் பட்டார்கள். ஒருவர் பஞ்ச் குணாளன். மற்றவர் தினா முரளிதரன். இருவரும் மலேசியர்கள். இருவருக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி. இந்த இரண்டு பேரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்தத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 31. பாரிஸ் நகரத்து அடிடாஸ் அரங்கம். உலகச் சாம்பியன்ஷிப் பெண்கள் இரட்டையர் இறுதிப் போட்டி. வலைக்கு அந்தப் பக்கம் சீனாவின் லியு ஷெங்ஷு, தான் நிங். இந்தப் பக்கம் மலேசியாவின் பெர்லி தான், தினா. மலேசியாவுக்கு அன்று சுதந்திர தினம். அந்த நாட்டுப் பெண்கள் இணை ஒன்று உலகச் சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. மூன்றாவது ஆட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், அதில் தோற்று, வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். கோர்ட்டில் நின்ற நான்கு பேரில் மூவர் சீன வம்சத்துப் பெண்கள், ஒருவர் தமிழ்ப் பெண்.

மலேசியத் தமிழரைப் பற்றிக் கித்துல்கலையில் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி டேவிட் லீன் எடுத்த ஆங்கிலப் படம் 1957இல் வெளிவந்தது. அந்தப் பாலத்தைக் கட்டியதும் தகர்த்ததும் இங்கே, நம்முடைய களனி ஆற்றில். அந்த இடத்தைப் பார்ப்பதற்கு இன்றைக்கும் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அந்தப் படத்தின் கதை சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. ஜப்பானியர் 1942, 43இல் அந்தப் பாதையைப் போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் பட்டினியிலும் அங்கேயே மாண்டார்கள். படத்தில் அவர்கள் இல்லை. அது பிரித்தானியக் கைதிகளின் கதையாக மட்டுமே நின்றுவிட்டது. மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்களும் நம்முடைய பாட்டன் பூட்டன்மாரும் ஒரே சீமையிலிருந்து, ஒரே கங்காணி முறையில் புறப்பட்டவர்கள். கேகாலைப் பக்கத்து ரப்பருக்கும் மலாயா ரப்பருக்கும்கூட ஒரே வேர்தான். 1870களில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள்தான் இரண்டு இடத்திலும் காடாக வளர்ந்தன.

யார் கண்ணில் படுகிறார், யார் படாமல் போகிறார் என்ற கேள்வி எனக்கு முக்கியமானது. இரட்டையர் ஆட்டத்துக்குள்ளேயும் அந்தக் கேள்வி இருக்கிறது. அதனால் முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம்.

கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். இரட்டையருக்கு அகலம் 6.10 மீட்டர். நடுவில் ஐந்தடி உயரத்தில் வலை. ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் தனியாக ஓடி ஓடித் தன்னுடைய பாதியைக் காக்கிறார். இரட்டையரில் இரண்டு பேர் இருக்கிறார்களே, வேலை பாதியாகிவிடும் என்று நினைப்பீர்கள். அப்படி ஆகாது. ஷட்டில் வரும் வேகம் கூடிவிடும், யோசிக்கும் நேரம் குறைந்துவிடும். அடிக்கும்போது ஒருவர் முன்னால் வலையோரம், ஒருவர் பின்னால். எதிரி அடிக்கத் தொடங்கியதும் இருவரும் பக்கம் பக்கமாக விரிந்து நிற்க வேண்டும். மறுபடியும் வாய்ப்பு வந்தால் முன்னும் பின்னுமாக மாற வேண்டும். ஒரு புள்ளிக்குள்ளேயே இப்படிப் பத்துத் தடவை மாறுவார்கள். பேசி முடிவெடுக்க நேரம் கிடையாது. முன்னால் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கவும் கூடாது, பார்த்தால் அந்தக் கணத்தில் ஷட்டில் தரையில் கிடக்கும். தோழி எங்கே நிற்கிறாள் என்பதை அவள் ஷூ தரையில் உரசும் சத்தத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். நிரையின் இரண்டு பக்கமும் நின்று கொழுந்து எடுக்கும் இரண்டு அக்காமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரே வேகத்தில் மேலே ஏறிப் போவதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். அந்தப் பழக்கம் எத்தனை வருஷத்தில் வருகிறதோ அத்தனை வருஷம் இதற்கும் பிடிக்கும்.

பெர்லி தான் பெரும்பாலும் பின்னாலிருந்து அடிப்பவர். அவருடைய கைவேகம் சாதாரணமானது கிடையாது. 2023 ஏப்ரலில் ஜப்பானில் வைத்து அளந்தபோது அவர் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 438 கிலோமீட்டர் வேகத்தில் போனது. பெண்களில் உலக சாதனையாக அது கின்னஸில் ஏறியது. அதே இடத்தில் ஆண்களுக்கான சாதனையை 565 கிலோமீட்டரில் வைத்தவர் ஆந்திராவின் அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக்சாய்ராஜ். அவரும் இரட்டையர் ஆட்டக்காரர். இந்த எண்களைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. போடட்டும், அது பெரிய விஷயந்தான். ஆனால் பெர்லி அப்படி அடிப்பதற்கு ஷட்டில் உயரத்தில், கைக்கு வாகாக வர வேண்டும். அதை வரவைப்பவர் யார்? வலையோரம் நின்று, எதிரியைத் தூக்கி அடிக்க வைக்கிறாரே, அவர்தான். பெரும்பாலும் அது தினா. அவருக்குக் கின்னஸில் பக்கம் கிடையாது. அளக்கும் கருவியும் அதற்கு இன்னும் வரவில்லை.

மலேசியாவில் நடந்த ஒரு போட்டியில் இந்த இணைக்கும் ஜப்பானின் ரேனா மியாவுரா, அயகோ சகுராமோட்டோ இணைக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளிக்காக 211 அடிகள் நடந்தன. பிள்ளைகளே, அதன் பதிவைத் தேடிப் பாருங்கள். பார்க்கும்போது ஷட்டிலைப் பார்க்காதீர்கள். ஷட்டில் யாரிடம் இல்லையோ அவருடைய கால்களைப் பாருங்கள். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் ஒரு எட்டு முன்னால் வைக்கிறார், அரை எட்டு பின்னால் வைக்கிறார், ரக்கெட்டைத் தோளுக்கு உயர்த்துகிறார், இறக்குகிறார். 211 அடியில் பாதிதான் ஒரு இணையுடையது, அதிலும் பாதிதான் ஒருவருடையது. மீதி நேரமெல்லாம் அவர் அடிக்காமல் ஆடிய ஆட்டம்.

இனி குணாளனுக்கு வருகிறேன். 1944இல் பிறந்தவர். உலகம் அவரைப் பஞ்ச் குணாளன் என்று அறிந்தது. ஒற்றையரிலும் சூரர். 1970இல் பேங்கொக் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம், 1974இல் கிறைஸ்ட்சேர்ச் பொதுநலவாய விளையாட்டில் ஒற்றையர் தங்கம். அதே 1974இல் ஆல் இங்கிலண்ட் இறுதிக்குப் போய் இந்தோனேசியாவின் ரூடி ஹார்ட்டோனோவிடம் தோற்றார். ஹார்ட்டோனோ அந்தப் பட்டத்தைத் தொடர்ந்து ஏழு வருஷம் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர். அவரோடு இறுதியில் நின்றதே ஒரு பெருமை.

இருந்தாலும் குணாளனின் பெயர் நிலைத்தது இரட்டையரில். அவருடைய துணை இங் பூன் பீ. சீன வம்சத்து மலேசியர், குணாளனைவிட மூத்தவர். பூன் பீ ஏற்கெனவே தான் யீ கானோடு சேர்ந்து 1965, 1966 இரண்டு வருஷமும் ஆல் இங்கிலண்ட் வென்றவர். அப்படிப்பட்ட ஒருவர் பழைய துணைக்குப் பிறகு ஒரு தமிழரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மறுபடியும் தொடங்கினார். 1970இல் எடின்பரோ பொதுநலவாய விளையாட்டில் இரட்டையர் தங்கம். அதே வருஷம் பேங்கொக்கில் ஆசிய விளையாட்டு இரட்டையர் தங்கம். 1971இல் ஆல் இங்கிலண்ட். அந்தக் காலத்தில் உலகச் சாம்பியன்ஷிப் என்று ஒன்று கிடையாது, ஒலிம்பிக்கில் பட்மின்டனுக்கு நிரந்தர இடம் கிடையாது. ஆல் இங்கிலண்ட் வென்றவர்தான் உலகத்தை வென்றவர். இவர்களுக்குப் பிறகு மலேசிய இணை ஒன்று அந்தப் பட்டத்தை வெல்ல 1982 வரை, சிடெக் சகோதரர்கள் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

வருஷங்களைப் பாருங்கள். 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் நடுவே கலவரம் வெடித்தது. நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்தது, நாடாளுமன்றத்தை முடக்கினார்கள். அந்தக் காயம் ஆறாத 1970இல்தான் ஒரு சீனரும் ஒரு தமிழரும் மலேசியக் கொடியை நெஞ்சில் குத்திக்கொண்டு இரண்டு தங்கம் கொண்டு வந்தார்கள். ஆட்டம் இனப் பகையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், அது அவ்வளவு எளிதாகத் தீராது. 1983 ஜூலைக் கலவரத்தைப் பார்த்த மலையகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பக்கத்தில் நிற்பவன் சறுக்கினால் நானும் தோற்பேன் என்ற நிலையில் இரண்டு இனத்தார் நாள்தோறும் நிற்பது பெரிய காரியம். மேடையில் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட அது கனமானது.

ஆடி முடித்த பிறகும் குணாளன் ஒதுங்கவில்லை. உலக பட்மின்டன் கூட்டமைப்பின் துணைத் தலைவராக உயர்ந்தார். 2005இல் அந்த அமைப்பின் தலைமையகம் இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. இன்று நீங்கள் ஆடும் 21 புள்ளி முறை இருக்கிறதே, யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ரலிக்கும் புள்ளி கிடைக்கும் அந்த முறை, அது 2006இல் நடைமுறைக்கு வந்தபோது முன்னின்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். அதற்கு முன்பு சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுந்தான் புள்ளி, இரட்டையரில் ஒரு இணைக்கு இரண்டு சர்வீஸ் வாய்ப்பு. பழைய முறையில் ஆடியே உலகப் பட்டம் வென்றவர் அதை மாற்றலாம் என்று துணிந்து நின்றார். 2012இல் காலமானார். உலகத்தில் எந்த மூலையில் ஒரு பிள்ளை பட்மின்டன் புள்ளி எண்ணினாலும் அந்த எண்ணிக்கையில் ஒரு தமிழரின் கை இருக்கிறது. நம்முடைய பாடப்புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு வரியாவது வர வேண்டும்.

இப்போது சீனா. சீனாவின் பட்மின்டனைக் கட்டி எழுப்பியவர்களும் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள்தான். வாங் வென்ஜியாவ் 1933இல் இந்தோனேசியாவின் சோலோ நகரத்தில் பிறந்தவர். 1954இல் தோழர் சென் ஃபுஷோவோடு சீனாவுக்குப் போனார். அவர்கள் போனபோது அங்கே சொல்லத்தக்க அணி கிடையாது. அடுத்த தலைமுறையில் தாங் ஷியன்ஹு, ஹோ ஜியாசாங் என்ற இரண்டு பேரும் இந்தோனேசியாவில் பிறந்து சீனா திரும்பியவர்கள். 1960களில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கேயிருந்த பெரிய பெரிய ஆட்டக்காரர்களை வீழ்த்திவிட்டுத் தோல்வி இல்லாமல் திரும்பினார்கள். ஆனால் சீனா அப்போது சர்வதேச பட்மின்டன் சம்மேளனத்தில் இல்லை. ஆகவே அவர்களுக்குப் பட்டமும் இல்லை. முடிசூடாத மன்னர்கள் என்று சொல்லித்தான் உலகம் அவர்களை நினைவு வைத்தது. 1981இல் சீனா உள்ளே வந்தது, 1982இல் முதல் தடவையே தோமஸ் கிண்ணத்தை எடுத்தது.

தாங் ஷியன்ஹுவின் பிற்காலத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1980களில் அவர் பிறந்த மண்ணான இந்தோனேசியாவுக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். ஒலிம்பிக் தங்கம் வென்ற பிள்ளைகளை உருவாக்கிக் கொடுத்தார். குடியுரிமை கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1998இல் சீனாவுக்கே போய்விட்டார். அங்கே லின் டானைப் போன்றவர்களை வளர்த்தார். பிறந்த நாட்டில் உழைத்துக் கொடுத்துவிட்டுக் குடியுரிமை இல்லாமல் பெட்டி கட்டுவது எப்படியிருக்கும் என்று 1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தையும் 1964ஆம் வருஷத்து ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் கண்ட குடும்பங்களுக்குத் தெரியும். இங்கே இருப்பவர்களில் மண்டபம் முகாம் வழியாக இந்தியாவுக்குப் போன உறவு இல்லாத வீடு எத்தனை?

இரட்டையரில் சீனாவின் பலம் எங்கேயிருந்து வந்தது? கெ ஃபெய், கு ஜுன் என்ற இரண்டு பெண்களைப் பாருங்கள். இருவரும் ஜியாங்சு மாகாணத்தவர்கள். சின்ன வயதிலிருந்தே ஒரே விளையாட்டுப் பள்ளி முறையில் வளர்ந்து, ஒன்றாகவே ஆடினார்கள். 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். பெண்கள் இரட்டையரில் அப்படி அடுத்தடுத்து வென்ற இணை இன்றுவரை வேறு கிடையாது. அவர்களைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள் என்பதே அதன் ரகசியம்.

ஆண்கள் இரட்டையரில் ஃபு ஹைஃபெங்கின் பாதை வேறு. 2008 பெய்ஜிங்கில் சொந்த மண்ணில் இறுதியில் தோற்றார். 2012 லண்டனில் அதே துணை சாய் யூனோடு தங்கம் வென்றார். சாய் யூனுக்கு வயதாகிவிட்டது. ஃபு தன்னைவிட இளைய ஜாங் நானைச் சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். 2016 ரியோ இறுதியில் மலேசியாவின் கோ வீ ஷெம், தான் வீ கியோங் தங்கத்துக்கு ஒரு புள்ளி தூரத்தில் நின்றார்கள். ஃபுவும் ஜாங்கும் அதைத் தட்டிவிட்டு மூன்றாவது ஆட்டத்தை 23–21 என்று எடுத்தார்கள். மலேசியாவுக்கு ஒலிம்பிக்கில் எந்த விளையாட்டிலும் இன்னும் தங்கம் கிடைக்கவில்லை. அந்த இரவு அவர்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சீனாவின் கதையில் ஒரு கறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. லண்டன் 2012இல் பெண்கள் இரட்டையரில் நான்கு இணைகளை வெளியேற்றினார்கள். சீனாவின் வாங் ஷியாவ்லி, யூ யாங். தென்கொரியாவின் இரண்டு இணைகள். இந்தோனேசியாவின் ஓர் இணை. அடுத்த சுற்றில் வசதியான எதிரியைப் பெறுவதற்காக வேண்டுமென்றே தோற்க முயன்றார்கள் என்பது குற்றம். வலையில் வேண்டுமென்றே அடித்ததைக் கூட்டம் பார்த்துக் கூச்சலிட்டது. காசு கொடுத்து உள்ளே வந்த மக்களையும் ஆட்டத்தையும் ஒருசேர அவமதித்த செயல் அது. தண்டனை சரியானதுதான். ஆனால் தவறு ஆடியவர்களிடம் மட்டும் இருக்கவில்லை. தோற்றவனுக்கு நன்மை தரும்படி அட்டவணை போட்டவர்களுக்கும் பங்கு உண்டு. பின்னால் அந்த முறையைத் திருத்தி, குழுவில் இரண்டாவதாக வருபவர்களுக்குக் குலுக்கல் வைத்தார்கள். அன்று வெளியேற்றப்பட்ட இந்தோனேசியப் பெண்களில் ஒருவர் கிரேசியா பொலி. ஒன்பது வருஷம் கழித்து, டோக்கியோவில், அப்ரியானி ரஹாயு என்ற இளைய பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபானை இறுதியில் வென்று தங்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 33.

அதே லண்டனில் இந்தியாவின் ஜ்வாலா குட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் காலிறுதியை மயிரிழையில் தவறவிட்டார்கள். ஜ்வாலாவின் தாயார் சீன வம்சம், தந்தை தெலுங்கர். 2011 உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்த இரண்டு பேரும் வென்ற வெண்கலந்தான் இந்தியப் பெண்கள் இரட்டையரின் கதவைத் திறந்தது.

இனி தினா. 1998இல் பிறந்தவர். பெர்லி அவரைவிட இரண்டு வயது இளையவர். 2021 மார்ச்சில் சுவிஸ் ஓபன் வென்றபோதுதான் உலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது. அந்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மலேசியாவிலிருந்து போனது வேறு இணை. இவர்கள் காத்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் இரட்டையர் போட்டியில் தங்கம். இறுதியில் இங்கிலாந்து இணையைச் சொந்த மண்ணிலேயே 21–5, 21–8 என்று மடக்கினார்கள். அதற்கு முன்பே அணிப் போட்டி இறுதியில் இந்தியாவின் ட்ரீசா ஜோலி, காயத்ரி கோபிசந்தை வென்று மலேசியாவுக்குத் தங்கத்தை உறுதி செய்ததும் இவர்கள்தான். அந்த வருஷ அக்டோபரில் பிரெஞ்சு ஓபன். எதிரே 2018, 2019 இரண்டு வருஷமும் உலகச் சாம்பியன்களாக இருந்த ஜப்பானின் மட்சுமோட்டோ, நகஹாரா. வென்றார்கள்.

அதற்குப் பிறகு பட்டம் வராத நாட்கள். பெரிய வெற்றிக்குப் பிறகு வரும் வறட்சி எந்த விளையாட்டுக்காரரையும் உலுக்கும். இரட்டையரில் அது இரண்டு மடங்கு. தோற்கும்போது, இந்த இரண்டு பேரைப் பிரித்துவிட்டால் என்ன என்ற பேச்சு தானாக எழும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை போனார்கள். மலேசியப் பெண்கள் இரட்டையரில் யாரும் அதுவரை அங்கே போனதில்லை. அரையிறுதியில் சீன இணையிடம் மூன்று ஆட்டங்களில் தோல்வி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானின் மட்சுயாமா, ஷிடாவிடம் தோல்வி. நான்காம் இடம். விளையாட்டில் நான்காம் இடத்தைவிடக் கசப்பான இடம் கிடையாது. பதக்க மேடைக்கு ஒரு அடி தூரத்தில் நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அதே பாரிஸுக்கு, அதே அரங்கத்துக்குத் திரும்பிப் போனார்கள். அந்த இறுதிப் போட்டியைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். அந்த வருஷத்திலேயே உலகத் தரவரிசையில் 2ஆம் இடத்துக்கும் உயர்ந்தார்கள்.

தினாவுக்குப் பக்கத்தில் கிசோனா செல்வதுரையையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றையர் ஆட்டக்காரி, செரம்பான் பெண், 2019 தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். 2021 சுதிர்மான் கிண்ண அரையிறுதியில் ஜப்பானின் அகானே யமகுச்சியிடம் தோற்றதும், அரசியல்வாதி ஒருவர் அந்தப் பெண்ணின் இனத்தையும் நிறத்தையும் சொல்லி இழிவாக எழுதினார். நாடு முழுவதும் கண்டித்தது, பிரதமரே கண்டித்தார். யமகுச்சியிடம் உலகத்தில் யார்தான் தோற்கவில்லை? ஆனால் மற்றவர்கள் தோற்றால் தோல்வி, இவர்கள் தோற்றால் நிறம். தினா ஒவ்வொரு தடவை கோர்ட்டுக்குள் கால் வைக்கும்போதும் இந்தச் சுமையும் கூடவே வருகிறது. பெர்லிக்கு அந்தச் சுமை வேறு விதத்தில் இருக்கும். இருவரும் அதைச் சுமந்துகொண்டுதான் ஒருவர் முதுகை ஒருவர் காக்கிறார்கள்.

நம்முடைய நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலியின் கருணாரத்ன குடும்பத்தில் அப்பா பயிற்சியாளர், அண்ணன் தம்பிமார் எல்லோரும் ஆட்டக்காரர்கள். அவர்களில் நிலுக்க மூன்று ஒலிம்பிக் போனவர். 2012இல் ஜப்பானின் கெனிச்சி தாகோவை நேர் ஆட்டங்களில் வீழ்த்தினார். இரட்டையரில் 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் சச்சின் டயஸும் புவனெக குணதிலகவும் அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே அவர்களை வென்றது நான் முன்னே சொன்ன சாத்விக், அவருடைய துணை சிராக். வெண்கல ஆட்டத்தில் எதிரே நின்றது ரியோவில் ஒரு புள்ளி தூரத்தில் தங்கத்தை இழந்த அந்தக் கோ வீ ஷெம்மும் தான் வீ கியோங்கும். நம்முடைய பிள்ளைகள் நான்காம் இடம். இந்த நாட்டில் அதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? கிரிக்கெட்டில் ஓர் ஓவர் போனால் ஒரு வாரம் பேசுகிறோம்.

கடைசியாக, இங்கே. சபரகமுவ தோட்டங்களில் பிள்ளைகள் பட்மின்டன் ஆடாமல் இல்லை. பிரட்டுக்களத்தில் கயிறு கட்டி ஆடுகிறார்கள், லயத்து வாசலில் வலையே இல்லாமல் ஆடுகிறார்கள். கை இருக்கிறது, கண் இருக்கிறது. ஆனால் கித்துல்கலையில் மழை எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று வேறு. ஷட்டில் 5 கிராம் எடைதான், 16 இறகு. ஒரு மூச்சுக் காற்றுக்குத் திசை மாறும். திறந்த வெளியில் ஆடினால் கை வலுக்கும், ஓட்டம் வரும். ஆனால் வலையோரத்து நுணுக்கம் வராது. தினாவின் ஆட்டம் கூரைக்குக் கீழே மட்டுந்தான் வளரும். ஆகவே பாடசாலை அதிபர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: மண்டபத்தில் கதிரைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, வாரத்தில் இரண்டு மாலையாவது பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். தரையில் கோடு போடும்போது இரட்டையருக்கான வெளிக்கோட்டையும் சேர்த்துப் போடுங்கள். நைலோன் ஷட்டில் போதும், தொடங்குவதற்கு அது தாராளம்.

இரண்டாவது வேண்டுகோள் பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளையைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். கார்மென்ட்ஸுக்கு, கடைக்கு, வீட்டு வேலைக்கு. சம்பளம் போதாத வீட்டில் அம்மா அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாள் சம்பளத்துக்காக எத்தனை வருஷம் போராடியிருக்கிறோம் என்பது தெரியும். ஆனால் பாடசாலையில் இணையாக ஆடிய இரண்டு பெண்களில் ஒருத்தி போனால் மற்றவளின் ஆட்டமும் அன்றோடு நின்றுவிடுகிறது. ஒருத்தியின் வறுமை இரண்டு பேரின் திறமையைக் கொண்டு போகிறது. தனியாக ஓடும் பிள்ளை எப்படியாவது ஓடிக்கொள்ளும். இணை உடைந்தால் மீண்டும் பூஜ்யத்திலிருந்துதான்.

வயதுகளை எண்ணிப் பாருங்கள். குணாளன் ஆல் இங்கிலண்ட் வென்றபோது 26, 27 வயது. அவருக்குப் பக்கத்தில் நின்ற பூன் பீ முப்பதைத் தாண்டியவர். தினா பாரிஸில் வெள்ளி வாங்கியபோது 27. கிரேசியா பொலிக்கு 33. இரட்டையர் ஆட்டம் மெதுவாகப் பழுக்கும் ஆட்டம். 16 வயதில் நாம் நிறுத்திவிடுகிற பிள்ளை அந்த ஆட்டத்தை இன்னும் தொடங்கவே இல்லை. உயர்தரம் முடியும் வரைக்கும், இன்னும் இரண்டு மூன்று வருஷம், அந்த இரண்டு பேரையும் ஒன்றாக இருக்கவிடுங்கள். அதற்கு ஒரு வீட்டால் முடியாவிட்டால் நலன்புரிச் சங்கமும் கோயில் நிர்வாகமும் பழைய மாணவர்களும் சேர்ந்து அந்த வீட்டின் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள முடியும். எந்த இரண்டு பிள்ளைகள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அவர்களுடைய பெயர்களை இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.